கோவில்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகளின் ஹாக்கிக்கு விளையாட்டு மேலாண்மைப் படிப்பு உதவுமா?

கரிசல்மட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) முடித்தவள், கல்லூரி அணியில் ஹாக்கி ஆடியிருக்கிறேன். கோவில்பட்டிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், அரசுப் பள்ளியின் மண் மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்து வருகிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது. அடுத்த கல்வியாண்டில் விளையாட்டு மேலாண்மையில் எம்.பி.ஏ. சேரலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எங்கள் வட்டாரத்துக்கு ஹாக்கியில் நீண்ட மரபு உண்டு என்பதை இங்கே பலர் அறிந்திருப்பீர்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி இங்கேதான் நடக்கிறது. செயற்கைப் புல்தரையும், தேர்வாகும் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியும் இருக்கின்றன. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் கோவில்பட்டியில் உருவானவர்கள். கார்த்தி அரியலூரிலிருந்து வந்து இந்த விடுதியில் தங்கிப் பழகியவர்.

என்னை உறுத்துவது இதற்கு மறுபக்கம். எங்கள் மைதானத்திலிருந்து ஆண்டுதோறும் ஓரிருவர் விடுதித் தேர்வில் வெற்றி பெறுகிறார்கள். மற்றவர்கள் அந்தத் தேர்வு முடிந்த சில மாதங்களில் மட்டையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டுவதே அரிதாக இருக்கிறது. நான் பெரிய லீக் அணிகளில் வேலைக்குப் போக விரும்பவில்லை. படித்துவிட்டு இதே ஊருக்குத் திரும்பி, தேர்வாகாத பிள்ளைகளும் தொடர்ந்து ஆடும்படியான ஓர் அமைப்பை உருவாக்க விரும்புகிறேன். அதற்கு இந்தப் படிப்பு பயன்படுமா, அல்லது பாட்டியாலாவில் பயிற்சியாளர் பட்டயம் படிப்பதே மேலா?

ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர் எழுதியது:

அம்மா, உன் எண்ணம் உயர்ந்தது. ஆனாலும் நான் மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய நாள் முதல், இந்த மாநிலத்தில் விளையாட்டை ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் உடற்கல்வி ஆசிரியர்களே. விளையாட்டு மேலாண்மை என்ற பட்டப்படிப்பு அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் 1966இல்தான் தோன்றியது. தொழில்முறை பேஸ்பால் அணிகளையும் அரங்குகளையும் நிர்வகிக்க ஆட்கள் தேவைப்பட்டதால் பிறந்த படிப்பு அது. அந்தப் பாடத்திட்டத்தை நம் பள்ளி மைதானத்துக்குப் பொருத்துவது எளிதன்று.

நம் ஊர்களில் குறைவாக இருப்பவர்கள் முறையாகப் பயின்ற பயிற்சியாளர்கள். பாட்டியாலாவில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம் ஓராண்டில் முடிந்துவிடும். அதற்கு அரசு வேலைவாய்ப்பில் மதிப்பும் உண்டு. ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் இருக்கிறது. மட்டையைப் பிடிக்கும் முறையை முதல் ஆண்டிலேயே தவறாகக் கற்ற பிள்ளையை எந்த மேலாளராலும் பின்னர் திருத்த முடியாது. முதலில் பயிற்சியாளர் ஆகிக்கொள், நிர்வாகம் அனுபவத்தில் வரும் என்பதே என் அறிவுரை.

மைதானத்தார் எழுதியது:

ஐயா சொன்ன வரலாறு சரியானது. ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் விளையாட்டு மேலாண்மை படித்து, ஒரு தொழில்முறை லீக் அணியில் சில காலம் பணியாற்றிவிட்டு, இப்போது நகர்ப்புறப் பிள்ளைகளுக்கான ஒரு தொண்டு அமைப்பில் இருக்கிறேன். எனவே இரு பக்கமும் தெரிந்து எழுதுகிறேன்.

முதலில் படிப்பைப் பற்றி. மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை இருக்கிறது. கொல்கத்தாவின் ஐ.ஐ.எஸ்.டபிள்யூ.பி.எம்., மும்பையின் ஐ.ஐ.எஸ்.எம்., ஐ.ஐ.எம். ரோத்தக் ஆகிய மேலாண்மைக் கல்வி நிறுவனங்களிலும் பட்டயமாகவோ பட்டமாகவோ படிக்கலாம். பெரும்பாலான இடங்களில் பாடத்தின் எடை விளம்பர ஆதரவு, போட்டி நடத்துதல், ஒளிபரப்பு உரிமை, ரசிகர் சந்தை ஆகியவற்றின் மீதே இருக்கும். உங்கள் நோக்கத்துக்கு அவற்றில் பாதிகூடத் தேவைப்படாது. நிதி மேலாண்மை, விளையாட்டுச் சட்டம், மைதானப் பராமரிப்பு, தன்னார்வலர்களை நிர்வகித்தல், திட்டத்தின் பயனை அளவிடுதல் ஆகிய பாடங்கள் நிச்சயம் தேவைப்படும். ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைவிட இரண்டு செய்திகளைக் கேட்டறியுங்கள்: களப்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், ஆய்வேட்டுத் தலைப்பை மாணவர் தாமே முடிவு செய்யலாமா. ஆய்வேட்டை உங்கள் ஊர் மைதானத்தைப் பற்றியே எழுத அனுமதி கிடைத்தால், படிப்பின் கடைசி ஆண்டு முழுவதும் உங்கள் பிள்ளைகளுக்கான உழைப்பாக மாறிவிடும்.

அடுத்து, ஐயாவின் கருத்து. உங்கள் பதிவில் ஒரு வரி முக்கியமானது. தேர்வாகாத பிள்ளைகள் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள் என்கிறீர்கள். அவர்கள் நிற்பதற்குப் பயிற்சியின் தரம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. தேர்வுக்குப் பிறகு அவர்கள் ஆடுவதற்கு ஒரு போட்டியும் இல்லை. மண்டலப் போட்டி, மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை எல்லாம் பெரும்பாலும் வெளியேற்றும் முறையில் நடக்கின்றன. முதல் ஆட்டத்தில் தோற்ற அணிக்கு அந்த ஆண்டு அத்துடன் முடிந்துவிடுகிறது. சுற்றுவட்டாரத்து ஐந்தாறு ஊர்களைச் சேர்த்து, ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும்படி ஞாயிற்றுக்கிழமைத் தொடர் ஒன்றை அமைத்தால், கடைசி இடம் பிடிக்கும் அணியும் பருவம் முழுவதும் ஆடும். அந்தத் தொடருக்கு அட்டவணை, நடுவர், பேருந்துச் செலவு, முதலுதவி, மைதான அனுமதி எல்லாம் வேண்டும். சிறந்த பயிற்சியாளர் ஒருவர் தம் பயிற்சிக்கு நடுவே இவற்றையும் சுமப்பதால்தான் மூன்றே ஆண்டுகளில் களைத்துப்போகிறார்.

மாலைவகுப்பு எழுதியது:

நான் பயிற்சியாளரோ நிர்வாகியோ இல்லை. விளையாட்டை விட்டுவிட்ட ஒரு பெண்ணின் தாய். என் மகள் வேறொரு மாவட்டத்தில் வாலிபால் ஆடினாள். எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அதன் பிறகு நின்றாள். படிப்புக்காக நிறுத்திவிட்டோம் என்று ஊரார் நினைத்தார்கள். உண்மையான காரணங்கள் மிகச் சிறியவை. மைதானத்தில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. உடை மாற்ற இடம் இல்லை. பயிற்சி முடியும்போது இருட்டிவிடும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் அழைத்துவர ஆள் இல்லை. மாதவிடாய் நாட்களில் அவள் வராமல் இருந்ததை ஒழுங்கின்மை என்று குறித்துவைத்தார்கள். காரணத்தைக் கேட்கப் பெண் பயிற்றுநர் ஒருவரும் அங்கே இல்லை.

தங்கச்சி, எந்தப் பட்டம் பெற்றாலும் சரி, கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். பயிற்சியை அரை மணி நேரம் முன்னதாக முடித்திருந்தாலே என் மகள் இன்னும் ஆடிக்கொண்டிருப்பாள் என்று நான் நம்புகிறேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர்க் கார்த்திகா இருந்தபோது, நாங்கள் அனைவரும் தொலைக்காட்சி முன் அமர்ந்து மகிழ்ந்தோம். அப்படியொரு பெண் வெளியே தெரியும்போது, அவளோடு தொடங்கிய பிற பெண்கள் எந்த வயதில், எதனால் நின்றார்கள் என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர் எழுதியது:

மாலைவகுப்பு அம்மையார் எழுதியதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, விளையாட்டு மைதானத்தையும் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறையையும் பள்ளியின் கட்டாய வசதிகளாகக் குறிக்கிறது. ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், பள்ளி நேரத்துக்குப் பிறகு அந்தக் கழிப்பறையைத் திறந்துவைப்பது யார் பொறுப்பு என்பதை யாரும் முடிவு செய்வதில்லை. இதை நிர்வாகக் குறை என்று ஒப்புக்கொள்கிறேன்.

எனினும் மைதானத்தார் தம்பிக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஞாயிறு தோறும் தொடர் நடத்தினால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது. இங்கே பெற்றோர் கேட்பது சான்றிதழ். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் சான்றிதழ்தான் செல்லுபடியாகும். ஊர்த் தொடரில் இருபது ஆட்டம் ஆடிய பிள்ளைக்கு அந்தப் படிவத்தில் எழுத ஒரு வரிகூட இருக்காது. ஏழைப் பெற்றோர் தங்கள் மகனின் நேரத்தை அந்தக் கணக்கில் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒஸ்லோவிலிருந்து எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், நோர்வேயில் வசிக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் இங்குள்ள ஊர்க் கழகத்தில் உதைபந்தாட்டம் விளையாடுகிறார்கள். இங்குள்ள நடைமுறையை ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன்.

நோர்வே விளையாட்டுக் கூட்டமைப்பு 1987இல் சிறுவர் விளையாட்டுக்கான விதிகளை ஏற்றுக்கொண்டது. பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டுக்கு முன் போட்டி முடிவுகளை அட்டவணையாகவோ தரவரிசையாகவோ வெளியிட முடியாது. 13 வயதாகும் ஆண்டுக்கு முன் தேசிய வெற்றிக்கிண்ணப் போட்டியில் பங்கேற்க முடியாது. விதியை மீறும் கழகத்துக்குத் தண்டனையும் உண்டு. கழகங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் பெற்றோரே. சிற்றுண்டி விற்பது, பிள்ளைகளைக் காரில் ஏற்றிச்செல்வது, மைதானத்தைத் துப்புரவு செய்வது எல்லாம் முறைவைத்துப் பகிரப்படுகின்றன. என் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இவ்வளவு தாமதமாகத் தரம் பிரிக்கும் நாடு, குளிர்கால ஒலிம்பிக்கில் தொடர்ந்து முன்னணியில் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு அறிவியல் விளக்கமும் இருக்கிறது. கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய சகாக்களும் 1985இல் பனிச்சறுக்கு ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாகத் தேர்வாகியிருப்பதைக் கண்டார்கள். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிட ஏறத்தாழ ஓர் ஆண்டு மூத்தது. அந்த உடல் வளர்ச்சியைத் திறமை என்று நினைத்துச் சிறுவயதிலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறோம்; மற்றப் பிள்ளைக்கு அந்த வாய்ப்புத் திரும்பக் கிடைப்பதில்லை.

மைதானத்தார் எழுதியது:

ஒஸ்லோ நண்பர் எழுதியது எங்கள் மைதானங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பள்ளி விளையாட்டு இங்கே 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிக்கப்படுகிறது. ஒரு பிரிவில் மூன்று வயது இடைவெளி இருக்கும்போது, புதிதாக நுழையும் பிள்ளை தன்னைவிட இரண்டு வயது மூத்தவர்களோடு இடத்துக்குப் போராட வேண்டியிருக்கிறது. வயதைக் குறைத்துக் காட்டும் கேடும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அதற்கென 2010இல் தேசிய அளவில் விதித்தொகுப்பு வந்தது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கணிக்கும் சோதனையும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ஊர் அளவில் அதைத் தடுப்பது பிறப்புச் சான்றிதழைச் சேர்க்கை நாளிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு பதிவேடுதான்.

ஐயா எழுப்பிய சான்றிதழ்க் கேள்விக்கு என் பதில் இது. அது உண்மையான தடை. பெற்றோரிடம் உபதேசம் செய்து அதைக் கடக்க முடியாது. ஊர்த் தொடரின் நாட்களை மாவட்டப் போட்டிக்கு முந்தைய மாதங்களில் வைத்து, அதில் ஆடியவர்களிலிருந்தே மாவட்டப் போட்டிக்கான அணியைத் தேர்ந்தெடுத்தால், பெற்றோர் கேட்கும் சான்றிதழுக்கான வழியும் அதற்குள்ளேயே வந்துவிடும். மாவட்ட ஹாக்கிச் சங்கத்திடம் முன்கூட்டியே பேசி, அவர்களுடைய நடுவர்களையே அழைத்துக்கொள்வது நல்லது. சங்கத்தைப் பகைத்துக்கொண்டு நடத்தப்படும் எந்தத் தொடரும் இரண்டாம் ஆண்டைப் பார்ப்பதில்லை.

புல்தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர், டிசம்பரில் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் 24 அணிகளோடு நடந்ததால், மதுரைக்கும் தரமான புல்தரை கிடைத்தது. கோவில்பட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. நீர் தெளித்து ஆடும் இந்தத் தரைகளுக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் தண்ணீர் வேண்டும். கரிசல் பூமியில் கோடைக்காலத்தில் அது சிறிய செய்தி இல்லை. விடுதிப் பிள்ளைகளுக்குக் காலை மாலை ஒதுக்கியது போக, கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் எந்த இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது உங்கள் முதல் நிர்வாக வேலையாக இருக்கட்டும். மண்ணில் மட்டுமே பழகிய பிள்ளை, பந்து இரு மடங்கு வேகத்தில் வரும் தரையில் தேர்வு நாளன்று முதன்முறையாகக் கால் வைப்பது பெரிய அநீதி.

நெல்லைக் கணக்கர் எழுதியது:

பணத்தைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். சில விளையாட்டுக் கழகங்களின் கணக்குகளைத் தணிக்கைக்கு முன் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ்ச் சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். எழுவரும் ஒரே குடும்பத்தாராகவோ ஒரே தெருவினராகவோ இருந்தால் பின்னால் சண்டை வரும். பிள்ளைகளின் பெற்றோர் இருவர், பழைய ஆட்டக்காரர் இருவர், ஆசிரியர் ஒருவர், ஊரார் இருவர் என்று அமைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் மூவராவது இருக்கட்டும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பலரும் நம்புகிறார்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், ஊரக விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி தெளிவாக இடம்பெற்றிருக்கிறது. ஹாக்கிக்கு அதில் தடை இல்லை. ஆனால் புதிய சங்கம் அந்த நிதியை நேரடியாகப் பெற, அதே வகைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். வருமான வரித்துறையில் வரிவிலக்குக்கான பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைப்பதற்கான பதிவும் (12ஏ, 80ஜி என்று அறியப்பட்டவை), நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் வேண்டும். எனவே முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஊர்ப் பணத்திலேயே நடத்தத் திட்டமிடுங்கள். மில்காரரோ தீப்பெட்டி ஆலைக்காரரோ கொடுக்கும் ஆயிரம் ரூபாய்க்கும் ரசீது போடுங்கள். அந்த மூன்றாண்டு ரசீதுக் கட்டுதான் நான்காம் ஆண்டில் உங்கள் தகுதிச் சான்று.

செலவில் மக்கள் மறந்துவிடுவது கோல்கீப்பர் உபகரணம். மட்டை பத்துப் பேருக்கு வாங்கிவிடுவார்கள். கோல்கீப்பரின் தலைக்கவசமும் கால் கவசமும் கிழிந்த நிலையில் இருக்கும். பிள்ளையின் பற்களும் முழங்காலும் அதை நம்பியிருக்கின்றன.

கரிசல்மட்டை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா, தாங்கள் சொன்னபடி ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். ஹாக்கி இந்தியா நடத்தும் பயிற்சியாளர் நிலைப் படிப்பின் முதல் படியையும் முடிக்கிறேன். அதன்பின் மேலாண்மை படிக்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பை இப்போதே முடிவு செய்துவிட்டேன்: எங்கள் வட்டாரத்தில் 12 முதல் 16 வயது வரையான பிள்ளைகள் எப்போது, எதனால் ஹாக்கியை விடுகிறார்கள் என்பது. மாலைவகுப்பு அக்காவின் பதிவுதான் இதற்குக் காரணம். வருகைப் பதிவேட்டில் வராதவருக்குப் புள்ளி வைப்பதோடு நிற்காமல், மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் காரணத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எங்கள் சங்கம் என்ன விதி வைத்துக்கொள்ள வேண்டும்? நான் படிக்கப் போயிருக்கும் காலத்தில் வேறு இருவர் பயிற்சி அளிப்பார்கள்.

மைதானத்தார் எழுதியது:

இதைக் கேட்டது மிக நல்லது. பதிவுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பயிற்சி தரும் எவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் செல்லும்போது பெண் பொறுப்பாளர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். பயிற்சியாளர் பிள்ளையோடு தனிச் செய்தி பரிமாறக் கூடாது. எல்லாத் தகவலும் பெற்றோர் இருக்கும் குழுவில் போக வேண்டும். புகார் வந்தால் சங்கத்துக்குள் பேசித் தீர்க்க முயலக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமும் பெண்கள், சிறார் பாதுகாப்புக்கான கொள்கையை வலியுறுத்துகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மைதானச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதிவையுங்கள்.

நெல்லைக் கணக்கர் எழுதியது:

மேலே உள்ளவற்றைத் தனித் தாளில் வைக்காமல் சங்கத்தின் துணைவிதிகளிலேயே சேர்த்துப் பதிவு செய்யுங்கள். துணைவிதியில் இருந்தால், பிற்காலத்தில் நிர்வாகிகள் மாறினாலும் பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானம் இல்லாமல் அதை நீக்க முடியாது. துணைவிதி வரைவைத் தயாரித்தவுடன் இங்கே பதியுங்கள். நான் வரி வரியாகப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.